டாங்கிள் வெள்ளத்தில் போச்சு: கடையை லினக்ஸுக்கு மாற்றலாமா?

தெற்கு_பஜார் | நவம்பர் 3, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டை தெற்கு பஜாரில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை (எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா) நோட்டீஸ், நினைவஞ்சலி போஸ்டர், பள்ளிக்கூடக் கேள்வித்தாள், ஆதார் பிரிண்ட், வருகிற வேலை இவ்வளவுதான். எனக்கு புரோகிராம் எழுதத் தெரியாது. கருப்புத் திரையைத் திறந்து கமாண்ட் அடி என்று சொல்கிறவர்கள் பதில் போட வேண்டாம், இப்போதே சொல்லிவிட்டேன்.

விஷயம் இது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது என் கடை சிந்துபூந்துறையில் இருந்தது. தாமிரபரணி ஆறு திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்த அந்த 17, 18 தேதிகளில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி மதுரைக்குக் கொண்டுபோய் மீட்டோம். ஃபைல் எல்லாம் வந்துவிட்டது. வராதது டாங்கிள். 2006இல் காசு கொடுத்து ஒரு தமிழ் எழுத்துருத் தொகுப்பு வாங்கியிருந்தேன். அதோடு கட்டை விரல் அளவில் ஒரு பூட்டு கொடுப்பார்கள்; அதைச் செருகினால்தான் எழுத்து வரும். அது சேற்றில் கிடந்து செத்துப்போனது. விற்றவரின் நம்பர் உபயோகத்தில் இல்லை. ஆகப் பதினேழு வருஷத்துக் கொடை நோட்டீஸ் என்னிடமே இருக்கிறது, திறந்தால் ஆங்கில எழுத்தும் கட்டம் கட்டமாகவும் வருகிறது.

அடுத்தது, விண்டோஸ் 10க்கு போன மாதம், 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவு நின்றுவிட்டது. கடையில் மூன்று சிஸ்டம். அதில் இரண்டுக்கு 11 ஏறாது என்கிறது. பத்திரிகை, போஸ்டர் வரைகிற கோரல்டிரா எப்படி என் சிஸ்டத்துக்கு வந்தது என்று கேட்காதீர்கள். ஊரில் எல்லாக் கடைக்கும் எப்படி வந்ததோ அப்படித்தான்.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ், மற்றதெல்லாம் ஓப்பன் சோர்ஸ் (யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளும்படி நிரலைத் திறந்து வைத்திருக்கிற மென்பொருள்) என்று மொத்தமாகப் போய்விடலாமா என்று யோசனை. என்னைப் போல புரோகிராம் தெரியாதவர்கள் யாராவது மாறியிருக்கிறீர்களா? எங்கே இடித்தது?

வள்ளியூர்_பாசஞ்சர் | நவம்பர் 3, இரவு 10.41

ஓடுகிற வண்டியில் எதற்கு அண்ணாச்சி எஞ்சினை மாற்றுகிறீர்கள்? இதைப் போட்டுக்கொள்ளுங்கள், அஞ்சு நிமிஷ வேலை: [இணைப்பு நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர் | நவம்பர் 3, இரவு 10.55

கிராக் (பூட்டை உடைத்த திருட்டு மென்பொருள்) இணைப்பு இங்கே கூடாது. இரண்டாவது முறை. அடுத்த முறை கணக்கே இருக்காது.

பாவூர்சத்திரம்_மண்டி | நவம்பர் 4, காலை 6.10

அந்த அஞ்சு நிமிஷ வேலையின் கதையை நான் சொல்கிறேன். காய்கறிக் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் முதலாளி பையன் எதற்கோ ஒரு கிராக் இறக்கிப் போட்டான். மறுநாள் விடியக்காலை நாலு மணிக்கு மார்க்கெட் கூடுகிறது, நான் சிஸ்டத்தைத் திறக்கிறேன், எல்லா ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக ஒரு வால். ஒன்றும் திறக்கவில்லை. பணம் கட்டு என்று ஒரு நோட்பேட் கடிதம். பேக்கப் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அந்த வெளி ஹார்ட் டிஸ்க்கை எப்போதும் சிஸ்டத்திலேயே செருகி வைத்திருந்தோம். அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டுப் போனது. இரண்டு மாதப் பட்டியலைத் துண்டுச் சீட்டு பார்த்துத் திரும்ப எழுதினேன்.

அதற்காக நான் லினக்ஸ் பக்கம் என்று நினைக்க வேண்டாம். எனக்கு டாலி கணக்கு மென்பொருள் வேண்டும். ஆடிட்டர் டாலி பேக்கப்தான் கேட்பார். அது லினக்ஸில் நேரடியாக ஓடாது. குனுகாத்தா என்று கட்டற்ற கணக்கு மென்பொருள் ஒன்று உண்டு, நம் நாட்டுக் கணக்கு முறைக்காகவே செய்தது, பார்த்தேன். சின்னக் கடைக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் கணக்கு என்பது நான் மட்டும் பார்ப்பது இல்லையே, ஆடிட்டரும் பார்க்க வேண்டும். முதலாளி காசு கொடுத்து லைசென்ஸ் வாங்கிவிட்டார், கதை முடிந்தது.

குற்றாலச்_சாரல் | நவம்பர் 4, காலை 9.30

தெற்கு பஜார் அண்ணாச்சி, நான் தென்காசிப் பக்கம், சிஸ்டம் வேலைதான் பார்க்கிறேன். கமாண்ட் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம்.

பலர் செய்கிற தப்பு என்னவென்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை விண்டோஸை அழித்து லினக்ஸ் போடுகிறார்கள், திங்கள்கிழமை வாடிக்கையாளர் வந்து நிற்கும்போது தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள், செவ்வாய்க்கிழமை திரும்ப விண்டோஸ். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். விண்டோஸ் அப்படியே இருக்கட்டும். அதிலேயே வேர்டு வேலைக்கு லிப்ரே ஆபீஸ், கோரல் மாதிரி வரைய இங்க்ஸ்கேப், படம் திருத்த ஜிம்ப், பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ், நான்கையும் போடுங்கள். நான்கும் விண்டோஸிலும் ஓடும். புது வேலை வந்தால் இதில் செய்யுங்கள், முடியாவிட்டால் பழையதற்குப் போங்கள். எதற்கெல்லாம் பழையதைத் திறக்கிறீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு மாதத்தில் அந்த நோட்டே சொல்லிவிடும், மாறலாமா வேண்டாமா என்று.

அதுவரை 10க்குக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை வண்டி ஓடும். அது வீட்டுக் கணினிகளுக்கான ஏற்பாடு, நிபந்தனையைப் படித்துப் பாருங்கள்.

அப்புறம் அந்த இரண்டு பழைய சிஸ்டம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்ட் (லினக்ஸில் ஒரு வகை) ஏற்றி, அதிலிருந்தே துவக்கிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது. பிரிண்டர், ஸ்கேனர், வைஃபை பிடிக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டால் போச்சு. மின்ட் 22க்கு 2029 வரை அப்டேட் உண்டு.

வள்ளியூர்_பாசஞ்சர் | நவம்பர் 4, காலை 9.48

போன வாரம் அஃபினிட்டி டிசைன் மென்பொருளே இலவசமாகிவிட்டதே. அதைப் போட்டால் முடிந்தது. எதற்கு இவ்வளவு நோட்டு, பென் டிரைவு?

குற்றாலச்_சாரல் | நவம்பர் 4, காலை 10.05

இலவசம் சரி தம்பி. கட்டற்றது இல்லை, அதாவது உள்ளே இருக்கிற நிரலை யாரும் பார்த்து, மாற்றி, பகிர்ந்துகொள்ள முடியாது. இன்று இலவசமாகத் தருகிறவர்கள் நாளைக்கு முடிவை மாற்றிக்கொண்டால் உன் கையில் ஒன்றும் இல்லை. லினக்ஸுக்கும் அது கிடையாது. அண்ணாச்சியின் பிரச்சினை காசு இல்லை என்பதைக் கவனி. அவர் அந்த எழுத்துருவைக் காசு கொடுத்துத்தான் வாங்கினார்.

(கட்டற்றது என்றால் என்ன என்று அல்வா செய்முறையை உதாரணம் காட்டி விளக்கலாம் என்று யாராவது கிளம்பினால் அடிப்பேன். இந்த மன்றத்தில் ஏற்கெனவே நாலு பேர் கிண்டிவிட்டார்கள்.)

மேலப்பாளையம்_ஸ்டூடியோ | நவம்பர் 4, மதியம் 2.15

மாறிப் பார்த்துத் திரும்பி வந்தவன் நான். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

போட்டோ ஸ்டூடியோ. 2013இல் போட்டோஷாப் செய்கிற அடோபி பெட்டியில் விற்பதை விட்டு மாதச் சந்தாவுக்குப் போனதிலிருந்தே யோசனைதான். இந்த வருஷம் மார்ச்சில் ஜிம்ப் 3.0 வந்ததும் துணிந்து இறங்கினேன். பாஸ்போர்ட் போட்டோ, பழைய படத்தைத் துடைத்துக் கொடுப்பது, பின்னணி மாற்றுவது, எல்லாம் நன்றாகவே வந்தது. கைதான் வரவில்லை. இருபது வருஷமாக விரல் தானாகப் போய் அழுத்துகிற சாவி வேறு, இங்கே வேறு. ஒரு மாதத்தில் அதுவும் பழகியது.

நான் விழுந்தது கல்யாணத்துக்குப் போடுகிற கரிஷ்மா ஆல்பத்தில். ஆல்பத்துக்கு டிசைன் டெம்பிளேட் வாங்குவோம், எல்லாம் போட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைல். ஜிம்ப் அதைத் திறக்கும், ஆனால் உள்ளே இருக்கிற சில வித்தைகள் அப்படியே வராது. நிழல் ஒரு பக்கம், பூ ஒரு பக்கம். நாற்பது பக்க ஆல்பத்தில் ஒவ்வொன்றாகச் சரிசெய்ய உட்கார்ந்தால் மாப்பிள்ளை வீட்டில் குழந்தையே பிறந்துவிடும். லேப்காரர் வேறு பிஎஸ்டியாகவே அனுப்பு என்கிறார். ஒரு சிஸ்டத்துக்கு மட்டும் சந்தா கட்டுகிறேன். மற்ற இரண்டில் ஜிம்ப், வீடியோ வெட்ட கேடென்லைவ். கொள்கை என்று பார்த்தால் பாதிக் கிணறுதான். தொழில் நடக்கிறது.

அம்பை_டீச்சர் | நவம்பர் 4, இரவு 8.40

அரசுப் பள்ளி ஆசிரியை. ஆறு வருஷமாக லினக்ஸ் மட்டுமே. என் தம்பி போட்டுக் கொடுத்தான், நான் கற்றது எல்லாம் தட்டுத் தடுமாறித்தான்.

உங்களுக்கெல்லாம் நினைவிருக்கிறதா, 2011இல் அரசு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது அதில் பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் செய்தது, தமிழ் மெனுவோடு. பிள்ளைகள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோன வாரமே ஏதாவது ஒரு கடையில் கொடுத்து அதை அழித்துவிட்டு வருவார்கள். சினிமா பார்க்க இடம் வேண்டுமாம். அதே காலத்தில் இங்கிருந்து செங்கோட்டை வழியாக ஆரியங்காவு தாண்டினால், கேரளத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸில்தான் பாடமே படித்தார்கள். இன்றைக்கும் அங்கே பாடப் புத்தகத்திலேயே ஜிம்ப், இங்க்ஸ்கேப் வருகிறது. ஒரு மலைதான் நடுவில்.

சரி, வேலைக்கு வருகிறேன். நீங்கள் கேள்வித்தாள் அடிப்பதால் சொல்கிறேன். வேர்டில் செய்த ஃபைலை லிப்ரே ஆபீஸில் திறந்தால் பக்கம் சரிந்துவிடும், மூன்று பக்கம் மூன்றேகால் ஆகும். லிப்ரே ஆபீஸ் மோசம் என்று எல்லோரும் அங்கேயே மூடிவிடுவார்கள். பெரும்பாலும் அது எழுத்துருவால் வருவது. அந்த ஃபைலில் காலிப்ரி எழுத்துரு இருக்கும், உங்கள் சிஸ்டத்தில் அது இருக்காது, ஏதோ ஒன்றைப் போட்டு நிரப்பும். கார்லிட்டோ என்று ஒரு கட்டற்ற எழுத்துரு இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து காலிப்ரியின் அதே அகலம். அதை நிறுவியதும் என் கேள்வித்தாள்கள் தானாக மூன்று பக்கத்துக்கு வந்துவிட்டன. டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப் அதேபோல. தமிழுக்கு அந்த வசதி கிடையாது. விண்டோஸின் லதா எழுத்துருவுக்கும் கட்டற்ற நோட்டோவுக்கும் அகலம் வேறு வேறு. அதனால் வெளியே அனுப்பும்போது கூடவே ஒரு பிடிஎஃப் அனுப்பிவிடுவேன்.

லினக்ஸில் தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ் என்ற கருவி, அதோடு எம்17என் என்ற தொகுப்பு நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை வரும். க இரண்டு தடவை தட்டினால் முதல் க-வுக்குத் தானே புள்ளி வைத்துக்கொள்ளும். பழைய டைப்ரைட்டர் கைக்கும் தனி விசைப்பலகை அதிலேயே உண்டு.

தெற்கு_பஜார் | நவம்பர் 4, இரவு 11.05

டீச்சர், ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்த பாஸ் லினக்ஸை அழித்துக் கொடுத்த கடைகளில் என் கடையும் ஒன்று. ஒரு லேப்டாப்புக்கு 150 ரூபாய் வாங்கினேன். நூறு லேப்டாப்புக்குக் குறையாது. சாரல் தம்பி சொன்னபடி நோட்டு வாங்கிவிட்டேன், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டாயிற்று.

அம்பை_டீச்சர் | நவம்பர் 5, காலை 7.00

பாவம் கழிய இப்போது மூன்று சிஸ்டத்தில் போடுங்கள். 97 பாக்கி.

தெற்கு_பஜார் | நவம்பர் 23, மாலை 5.30

மூன்று வாரம் ஆகிவிட்டது. கணக்குச் சொல்கிறேன்.

பென் டிரைவில் மின்ட் ஓடியது. 2014இல் வாங்கிய சிஸ்டம், விண்டோஸில் காலையில் போட்டுவிட்டு டீ குடித்து வருவேன், இதில் டீ சொல்வதற்குள் வந்து நிற்கிறது. ஜெராக்ஸ் மெஷின் நெட்வொர்க்கில் இருப்பது, அதைத் தானே கண்டுபிடித்துக்கொண்டது. பழைய லேசர் பிரிண்டர் ஒன்று இருக்கிறது, அதற்கு மட்டும் எதுவும் சரிப்படவில்லை. அதை விண்டோஸ் சிஸ்டத்திலேயே விட்டுவிட்டேன். பிடிஎஃப் எடுத்துக் கொண்டுபோய் அதில் அடிக்கிறோம்.

லிப்ரே ஆபீஸில் மெனுவைப் பார்த்து கடைப் பெண் மிரண்டுவிட்டாள். பார்வை மெனுவில் பயனர் இடைமுகம் என்று ஒன்று இருக்கிறது, அதில் தாவல் முறையைத் தேர்ந்தெடுத்தால் வேர்டு மாதிரி பட்டை வந்துவிடுகிறது. அதற்கப்புறம் அவள் புகார் சொல்லவில்லை.

இனிமேல்தான் விஷயம். பழைய ஃபைல். என் கடையில் இரண்டு தினுசு. ஒன்று பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. பாமினி ஒரு ஏமாற்று வேலை என்பது எனக்கே இந்த மாதம்தான் புரிந்தது. உள்ளே சேமித்திருப்பது தமிழே இல்லை. ‘திருமணம்’ என்று அடித்திருப்பேன். பாமினி இல்லாத சிஸ்டத்தில் திறந்தால் ஜே, பி, யு, கே, இசட், மறுபடி கே, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. ஜே-க்கு மேல் ‘த’ என்று முகமூடி மாட்டியிருக்கிறார்கள். இருபது வருஷம் நான் தமிழ் அடிக்கவே இல்லை, முகமூடி அடித்திருக்கிறேன். நெட்டில் யுனிகோட் (எல்லா சிஸ்டத்துக்கும் பொதுவான எழுத்து முறை) மாற்றி நிறைய இருக்கிறது, ஒட்டினால் மாற்றித் தருகிறது. ஆனால் மொத்தமாக ஒட்டினால் நடுவில் இருக்கிற நிஜ ஆங்கிலத்தையும் தமிழ் என்று நினைத்து மாற்றிவிடுகிறது. ‘பி.ஏ., பி.எட்.’ எல்லாம் கெட்ட வார்த்தை மாதிரி வந்தது. மணமகள் படிப்பு அது. நல்லவேளை பார்த்துவிட்டேன். லிப்ரே ஆபீஸில் தேடலில் எழுத்துருவை வைத்தே தேடலாம், பாமினி உள்ள இடத்தை மட்டும் அது பொறுக்கிக் காட்டும். பகுதி பகுதியாக மாற்றினேன்.

இரண்டாவது தினுசு அந்த டாங்கிள் எழுத்து. அதை எந்த மாற்றியும் தொடவில்லை. அவர்களுக்கென்று ஒரு தனி ஒழுங்கு வைத்திருக்கிறார்கள், வேறு யாருக்கும் தெரியாது.

குற்றாலச்_சாரல் | நவம்பர் 23, இரவு 9.10

வாடிக்கையாளர் ஆதார், ஃபோன் நம்பர் உள்ள ஃபைலைத் தெரியாத வலைத்தளத்து மாற்றியில் ஒட்டாதீர்கள் அண்ணாச்சி. இறக்கி வைத்து நெட் இல்லாமல் ஓட்டுகிற மாற்றிகள் உண்டு.

கோரல் ஃபைலை இங்க்ஸ்கேப்பில் திறந்து பாருங்கள். பக்கம் அமைக்கிற பழைய பேஜ்மேக்கர் ஃபைல் இருந்தால் லிப்ரே ஆபீஸ் டிராவில். இரண்டும் திறக்கும். கோடு, கட்டம், பார்டர் எல்லாம் ஓரளவு வரும். எழுத்து வராது, அதை மறந்துவிடுங்கள். பழைய நோட்டீஸ் அச்சில் இருந்தால் ஸ்கேன் செய்து, படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தருகிற டெசராக்டில் கொடுங்கள். அது தமிழ் படிக்கும். ஜிஇமேஜ்ரீடர் என்று அதற்கு ஜன்னல் முகம் ஒன்று இருக்கிறது, கமாண்ட் வேண்டாம்.

தெற்கு_பஜார் | டிசம்பர் 2, இரவு 10.15

முயன்றேன். எங்கள் ஊர்ச் சுடலைமாடசாமி கோயில் கொடை நோட்டீஸ். வருஷா வருஷம் பழைய ஃபைலைத் திறந்து தேதியையும் இரண்டு மூன்று பெயரையும் மாற்றி அடிப்பதுதான் வழக்கம். போன இரண்டு வருஷம் அவசரத்துக்கு வேறு கடையில் அடித்தார்கள். வரிதாரர் (கோயில் வரி கொடுத்தவர்கள்) பட்டியலில் பத்துப் பெயர் விட்டுப்போய்ப் பெரிய சண்டையாம். இந்த வருஷம் என்னிடமே வருவார்கள்.

2023 நோட்டீஸை ஸ்கேன் செய்து கொடுத்தேன். சாதாரண வரிகளைப் பரவாயில்லாமல் படித்தது. பட்டியலில் இரண்டு பத்தியையும் ஒன்றாகச் சேர்த்துப் படித்து, இசக்கியம்மாளுக்குப் பக்கத்து வீட்டுக்காரரைப் புருஷன் ஆக்கிவிட்டது. பத்திகளைத் தனித்தனியாக வெட்டிக் கொடுத்தால் சரியாகிறது. ஆனால் ‘சுடலை’ மட்டும் ஒரு இடத்தில்கூடச் சரியாக வரவில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேர் பெயர் அதில்தான் தொடங்கும். ஏன் என்று புரியவில்லை.

அம்பை_டீச்சர் | டிசம்பர் 3, காலை 6.50

பழைய லை-யாக இருக்கும். ல-வுக்கு முன்னால் கொம்பு போடாமல், தலையில் துதிக்கை மாதிரி வளைத்து எழுதுவது. 1978இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தபோது மாறிய பதின்மூன்று எழுத்தில் அதுவும் ஒன்று. பார்த்துச் சொல்லுங்கள்.

தெற்கு_பஜார் | டிசம்பர் 3, காலை 9.20

அதேதான் டீச்சர்! நான் அதை எழுத்து என்றே பார்க்கவில்லை இத்தனை நாள். டாங்கிள் தொகுப்பில் ‘பழைய பாணி’ என்று ஒரு எழுத்துரு இருந்தது, கோயில் வேலைக்கெல்லாம் அதைத்தான் போடுவேன்.

பெயரை எல்லாம் கையாலேயே அடித்துவிட்டேன். 163 பெயர். யுனிகோடில். இனி ஒருத்தன் பூட்ட முடியாது.

சிவகாசி_பிளேட் | டிசம்பர் 3, இரவு 7.45

இந்த இழையை இன்றுதான் பார்த்தேன். சிவகாசியில் அச்சு மெஷினுக்கு பிளேட் போடுகிற இடத்தில் வேலை. நெல்லைக் கடைகளின் வேலை நிறைய எங்களிடம்தான் வருகிறது, அதனால் ஒரு வார்த்தை.

நீங்கள் எதில் செய்தீர்கள் என்பது எங்களுக்குத் தேவையில்லை. கோரல்தான் வேண்டும் என்று கேட்கிற பிரஸ் இன்னும் இருக்கிறது, ஆனால் சரியான பிடிஎஃப் கொடுத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ‘சரியான’ என்பதில்தான் சிக்கல். இங்க்ஸ்கேப்பில் நிறம் எல்லாம் திரைக்கான ஆர்ஜிபி. பிரஸ் ஓடுவது சிஎம்ஒய்கே நாலு மை. இங்க்ஸ்கேப்பிலிருந்து நேராக பிடிஎஃப் எடுத்து அனுப்பினால், உங்கள் கறுப்பு எழுத்து நாலு மையிலும் உடைந்துவிடும். நீலம் கொஞ்சம், சிவப்பு கொஞ்சம், மஞ்சள் கொஞ்சம், மேலே கறுப்பு. பெரிய எழுத்தில் தெரியாது. எட்டு பாயிண்ட் பெயர்ப் பட்டியலில் தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் போச்சு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ழ-வின் சுழிக்குள் சிவப்பாக ஒரு நூல் ஓடும். லென்ஸ் இல்லாமல் பார்க்கிறவருக்குக் கண் கூசும், ஏன் என்று சொல்லத் தெரியாது.

அதற்குத்தான் ஸ்கிரைபஸ். படம், பார்டர் எல்லாம் இங்க்ஸ்கேப்பில் வரையுங்கள். எழுத்தை ஸ்கிரைபஸில் வையுங்கள். நிறப் பட்டியலில் கறுப்பு, மற்ற மூன்றும் 0, கறுப்பு மட்டும் 100 என்று இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். பிடிஎஃப் எடுக்கும்போது அச்சுக்கு என்று தேர்ந்தெடுங்கள், எழுத்துருவை உள்ளே பொதியுங்கள். பழைய 1.4 பதிப்பில் தமிழ் உடையும், கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் நிற்கும். 2024இல் வந்த 1.6ஐப் போடுங்கள்.

மேலப்பாளையம்_ஸ்டூடியோ | டிசம்பர் 3, இரவு 8.02

இதை யாராவது மார்ச்சிலேயே சொல்லியிருக்கலாம். ஐயாயிரம் விசிட்டிங் கார்டு சிவப்பு நூலோடு வந்தது எனக்கு.

சிவகாசி_பிளேட் | டிசம்பர் 3, இரவு 8.10

எங்களிடம் வந்திருந்தால் பிளேட் போடுவதற்கு முன்னாலேயே ஃபோன் அடித்திருப்போம் அண்ணே.

பாவூர்சத்திரம்_மண்டி | டிசம்பர் 14, காலை 5.40

ஒரு திருத்தம். நான் லினக்ஸ் பக்கம் இல்லை என்று சொன்னேன் அல்லவா. டாலி உள்ள சிஸ்டம் தவிர மற்றதில் மின்ட் போட்டாயிற்று. பையன் இனிமேல் கிராக் இறக்கினாலும் அது பாட்டுக்கு டவுன்லோட் போல்டரில் தூங்கும் என்பதுதான் காரணம். வேறு பெரிய தத்துவம் இல்லை. வெளி ஹார்ட் டிஸ்க்கையும் இப்போது மாலையில் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்.

தெற்கு_பஜார் | ஜனவரி 9, இரவு 11.30

தை முகூர்த்தத்துக்குப் பதினாறு பத்திரிகை வேலை. பதினொன்று ஸ்கிரைபஸில் முடிந்தது. ஐந்துக்குப் பழைய சிஸ்டத்தைத் திறந்தேன். அவர்கள் கொடுத்ததே கோரல் ஃபைல், நேரமும் இல்லை. அந்த சிஸ்டத்தின் நெட் வயரைப் பிடுங்கி மேலே சுற்றி வைத்துவிட்டேன். எழுத்துரு பற்றிக் கேட்டவர்களுக்கு: தலைப்புக்கு பலூ தம்பி, காதணி விழா மாதிரி விசேஷத்துக்குக் கவிவாணர், உள்ளே எல்லாம் நோட்டோ செரிஃப் தமிழ். மீரா இனிமையும் நன்றாக இருக்கிறது. எல்லாம் சும்மா கிடைப்பது, அச்சில் போட யாரிடமும் கேட்க வேண்டாம்.

எனக்குக் குறையாகப் படுவது ஒன்றுதான். ஸ்கிரைபஸ் கோரல் மாதிரி கை போன போக்கில் இழுக்க விடாது. முதலில் சட்டம் போடு, அப்புறம் எழுத்து வை என்று கணக்கு வாத்தியார் மாதிரி நிற்கிறது. இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

தெற்கு_பஜார் | மார்ச் 6, காலை 11.10

கொடை நோட்டீஸ் மாதிரி எடுத்துக் காட்டினேன். பங்குனி கடைசி வெள்ளி கொடை. ஊர்ப் பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பட்டியலை விரலால் தடவிக்கொண்டே வந்தார். 163 பெயரும் சரி. அப்புறம் மேலே தலைப்பைப் பார்த்தார், பார்த்தார், ‘ஏடே, சுடலைக்குத் துதிக்கை எங்க?’ என்றார்.

துதிக்கை பிள்ளையாருக்குத்தானே தாத்தா என்று கடைப் பெண் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. ‘எங்க ஐயா காலத்துலருந்து சாமி பேரு அப்படித்தான் இருக்கு. அதை மாத்த நாம யாரு?’

என்னிடம் இருக்கிற யுனிகோட் எழுத்துரு எதிலும் பழைய லை இல்லை. என்ன செய்யலாம்? பிளேட் இன்றைக்குப் போட்டாக வேண்டும்.

குற்றாலச்_சாரல் | மார்ச் 6, காலை 11.25

தலைப்புக்கு மட்டும்தானே? இங்க்ஸ்கேப்பில் அந்தச் சொல்லை அடித்து, பாதை மெனுவில் பொருளைப் பாதையாக மாற்றுங்கள். அதற்கப்புறம் அது எழுத்து இல்லை, வெறும் வடிவம். முன்னால் உள்ள கொம்பை அழித்துவிட்டு, கணுக் கருவியால் ல-வின் தலையிலிருந்து ஒரு வளைவு இழுங்கள். கோரலில் ஷேப் டூல் பிடித்த கைதானே, வந்துவிடும். பட்டியலில் உள்ள பெயருக்கெல்லாம் செய்ய முடியாது.

தெற்கு_பஜார் | மார்ச் 6, மதியம் 1.40

செய்துவிட்டேன். நாலு தடவை அழித்து ஐந்தாவது தடவை வந்தது. பட்டியல் பற்றி பயந்துகொண்டே கேட்டேன். ‘அதுல மனுஷன் பேருதானடே, அது எப்படி இருந்தா என்ன’ என்றுவிட்டார்.

அம்பை_டீச்சர் | மார்ச் 6, மதியம் 1.52

படம் போடுங்கள், பார்க்க வேண்டும்.

சிவகாசி_பிளேட் | மார்ச் 6, மதியம் 3.20

அண்ணாச்சி, படம் அப்புறம் போடலாம். ஃபைல் இன்னும் வரவில்லை. நாலு மணிக்கு மெஷின் வேறு வேலைக்குப் போய்விடும்.

தெற்கு_பஜார் | மார்ச் 6, மதியம் 3.34

அனுப்பிவிட்டேன், பாருங்கள். துதிக்கை குட்டையாக இருக்கிறது என்று பெரியவர் திரும்பி வந்தார். கொஞ்சம் நீட்டியிருக்கிறேன்.